செகனென்ரே தாவோ: ஹிக்சோஸ்களை எதிர்த்து நின்ற பாரோ

பண்டைய எகிப்து என்றாலே துட்டன்காமன், கிளியோபாட்ரா, பிரமிடு, இந்த மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் இன்னொரு கதையும் சொல்வார்கள்: ஹிக்சோஸ் என்ற காட்டுமிராண்டி இனம் குதிரை பூட்டிய தேர்களில் பாய்ந்து வந்து எகிப்தைப் பிடித்தது, பிறகு தெற்கிலிருந்து ஒரு வீர பாரோ கிளம்பி வந்து அவர்களை விரட்டியடித்தார். காணொளிகளிலும் பகிர்வுகளிலும் இது இப்படியேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முக்கால்வாசி தவறு. ஹிக்சோஸ் என்பது ஓர் இனத்தின் பெயரே இல்லை. அவர்கள் ஒரே வீச்சில் படையெடுத்து வந்ததற்குச் சான்றும் இல்லை. அப்புறம் அந்த வீர பாரோ, அதாவது செகனென்ரே தாவோ, யாரையும் விரட்டியடிக்கவில்லை. நாற்பது வயதில் கோடரி வெட்டுப்பட்டு இறந்தார். அந்த வெட்டுகள் இன்றும் அவர் மண்டையோட்டில் அப்படியே இருக்கின்றன.

இதை முதலிலிருந்து, எகிப்திய வரலாறே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். பாரோ என்றால் எகிப்திய அரசர், அது தெரிந்தால் போதும்.

முதலில் வரைபடம்

எகிப்து என்பது நைல் ஆறும் அதன் இரு கரைகளும்தான், மற்றதெல்லாம் பாலைவனம். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் அவர்களுக்குத் தெற்குதான் மேல் எகிப்து, வடக்கு கீழ் எகிப்து. வரைபடத்தில் மேலே கீழே பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும், ஒருமுறை மனதில் ஏற்றிக்கொண்டால் குழப்பம் வராது. வடக்கே கடலில் கலக்கும் முன் ஆறு பல கிளைகளாகப் பிரியும் பகுதி டெல்டா. செழிப்பான நிலம், மத்தியதரைக் கடல் வணிகம் முழுவதும் அந்த வழியாகத்தான்.

இரண்டு ஊர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் அவாரிஸ். அங்கிருந்து சினாய் வழியாகக் கானான் தேசம், அதாவது இன்றைய பாலஸ்தீனம், இஸ்ரேல், லெபனான் பகுதிகள், பக்கம்தான். இன்னொன்று தெற்கே தீப்ஸ், இன்றைய லக்சர். இரண்டுக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல். காலம் கி.மு. 1650 முதல் 1530 வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கிசாவின் பெரிய பிரமிடு கட்டி அப்போதே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஹிக்சோஸ் எங்கிருந்து வந்தார்கள்?

ஒரு பெரிய மொத்த வியாபார மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு கிளை. கப்பலில் சரக்கு வருகிற இடம் என்பதால் வெளிநாட்டு வியாபாரிகளின் பாஷை தெரிந்த வெளியூர் ஆட்களை அங்கே வேலைக்கு வைக்கிறார்கள். அவர்கள் அங்கேயே குடியேறி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பேரன் பேத்தியும் பார்த்துவிட்டார்கள். இதற்கிடையில் முதலாளி வீட்டில் பங்காளிச் சண்டை, கடையைக் கவனிக்க ஆளில்லை. ஒருநாள் அந்தக் கிளையின் கணக்குப்பிள்ளை "இனி இதற்கு நானே முதலாளி" என்கிறார். அவர் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. சாவி நெடுநாளாக அவர் இடுப்பில்தான் இருந்தது.

அவாரிஸில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். எகிப்தின் மத்திய அரசு வலுவாக இருந்த காலத்திலேயே கானான் பகுதி மக்கள் மாலுமிகளாக, படைவீரர்களாக, கைவினைஞர்களாக, வணிகர்களாக டெல்டாவில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். மத்திய எகிப்தில் பெனி ஹசான் என்ற இடத்தில், இரண்டாம் க்னும்ஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. சுமார் கி.மு. 1890. வண்ணக் கோடு போட்ட உடைகள், கழுதைகள், கையில் யாழ் போன்ற ஒரு கருவி, வில், ஈட்டி என்று ஒரு கானானியக் கூட்டம் பெண்டு பிள்ளைகளோடு வருகிறது. கண் மை செய்யும் பொருளைக் கொண்டுவந்தார்கள் என்றும், மொத்தம் 37 பேர் என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதிகாரியின் எழுத்தர் ஓலைபோல ஒரு பதிவை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறார். எல்லாம் முறைப்படி, கணக்கு வழக்கோடு நடக்கிறது. அந்தக் கூட்டத்தின் தலைவனுக்குப் போட்டிருக்கும் பட்டம்தான் 'அந்நிய நாடுகளின் தலைவன்'. அதன் எகிப்தியச் சொல் கிரேக்கர் வாயில் மருவி ஹிக்சோஸ் ஆனது. ஆக, அது தலைவர்களுக்கான பட்டம். ஒரு மக்கள் கூட்டத்துக்கே அதைப் பெயராகச் சூட்டியது பின்னால் வந்தவர்கள்.

அவாரிஸ் இருந்த இடம் இன்று தெல் எல்-தபா. 1966 முதல் மான்ஃபிரட் பீட்டக் தலைமையில் ஆஸ்திரியக் குழு அங்கே தோண்டியது. ஒரே நாளில் அழிந்து மறுநாள் வேறு மக்கள் வந்து குடியேறிய ஊருக்கு ஒரு தடயம் இருக்கும்: எரிந்த சாம்பல் அடுக்கு, அதற்கு மேல் முற்றிலும் புதிய வகைப் பானைகள். இங்கே கிடைத்தது வேறு. கானானிய வீட்டு அமைப்பும் அடக்க முறையும் எகிப்தியப் பொருள்களோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வருகின்றன.

2020-இல் இன்னொரு சான்று வந்தது, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நாம் சிறு வயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தோம், எந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டோம் என்பது பல்லின் மேல்பூச்சில் பதிந்துவிடும். ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் வகைகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது ஊருக்கு ஊர் மாறும். பல் எனாமல் ஒருமுறை உருவானால் பிறகு மாறாது. அதனால் செத்து மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டு ஆனவரின் பல்லை வைத்தும் "இவர் இந்த ஊரில் வளர்ந்தவரா" என்று கேட்க முடிகிறது. கிறிஸ் ஸ்டாண்டிஸ் என்ற ஆய்வாளரின் குழு அவாரிஸில் புதைக்கப்பட்ட 75 பேரின் பற்களை இப்படிச் சோதித்தது. பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவர்கள். ஆனால் ஹிக்சோஸ் ஆட்சி தொடங்குவதற்கு முன்பே இறந்தவர்களிலும் வெளியாட்கள் நிறையவே இருந்தார்கள், அதிலும் பெண்கள் அதிகம். படையெடுத்து வரும் கூட்டம் என்றால் ஆட்சி மாறிய சமயத்தில் திடீரென்று ஆண்கள் குவிந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டெல்டாவில் கானானிய வழி மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்தார்கள், மத்திய அரசு தளர்ந்தபோது அவர்களில் இருந்து எழுந்த தலைவர்கள் அவாரிஸில் அரசர்களாக அமர்ந்தார்கள். துரின் நகரில் இருக்கும் பழைய அரசர் பட்டியல் இவர்களை ஆறு பேர் என்கிறது. கடைசிக்கு முந்தையவர் அபேபி, நெடுங்காலம் ஆண்டவர், நம் கதையில் எதிர்த்தரப்பு அவர்தான்.

தீப்ஸுக்கு என்ன பிரச்சினை?

சரி, அவர்கள் அந்நியரே இல்லை என்றால் தீப்ஸ் ஏன் சண்டைக்குப் போனது? இந்தக் கேள்வியில்தான் பலரும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, "ஹிக்சோஸ் பாவம், தீப்ஸ்காரர்கள் வீண் வம்புக்குப் போனார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை.

அந்தக் காலத்தில் நைல் நீளத்துக்கும் மூன்று அரசுகள். வடக்கே அவாரிஸ். தெற்கே, அஸ்வானுக்கும் அப்பால் இன்றைய சூடானில், கெர்மாவைத் தலைநகராகக் கொண்ட குஷ் அரசு. இரண்டுக்கும் நடுவில் தீப்ஸ், கையில் ஒரு துண்டு ஆற்றங்கரை மட்டும். செகனென்ரேக்கு அடுத்து வந்த கமோஸ் தன் கல்வெட்டில் இதைப் பச்சையாகவே சொல்கிறார்: அவாரிஸில் ஒரு தலைவன், குஷ்ஷில் ஒரு தலைவன், நடுவில் ஓர் ஆசியனோடும் ஒரு நூபியனோடும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பலம் எனக்கு எதற்கு என்று.

நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். தெற்கிலிருந்து வரும் தங்கம் குஷ் கையில். லெபனானின் தேவதாரு மரமும், வெண்கலம் செய்யத் தேவையான பொருள்களும், எண்ணெய்களும் வருகிற வடக்கு வழி அவாரிஸ் கையில். கூசே என்ற ஊருக்கு வடக்கே படகு போனால் ஹிக்சோஸ் எல்லை. போதாக்குறைக்கு வடக்கும் தெற்கும் தீப்ஸைத் தொடாமலே பாலைவனச் சோலை வழியாகத் தூது அனுப்பிக்கொள்ளும். இது வெறும் சந்தேகம் இல்லை. கமோஸின் ஆட்கள் அந்த வழியில் ஒரு தூதனைப் பிடித்தார்கள், அவன் கையில் அபேபி குஷ் அரசருக்கு எழுதிய கடிதம் இருந்தது. நீ வடக்கே வா, எகிப்தின் ஊர்களை நாம் பங்குபோட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். குஷ் படை உண்மையிலேயே எகிப்துக்குள் புகுந்து சூறையாடியதும் நடந்திருக்கிறது. தீப்ஸுக்குத் தெற்கே எல் காப் என்ற ஊரில் சொபெக்நக்த் என்ற ஆளுநரின் கல்லறையில் அதைப் பற்றிய கல்வெட்டு 2003-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆனாலும் தீப்ஸில் எல்லாரும் போருக்குத் துடித்துக்கொண்டு இருக்கவில்லை. கமோஸ் தன் அவையைக் கூட்டிக் கேட்டபோது பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள்: நம் பங்கு எகிப்தில் நாம் நிம்மதியாக இருக்கிறோம், நல்ல வயல்கள் நமக்காக உழப்படுகின்றன, நம் மாடுகள் டெல்டாவில் மேய்கின்றன, நம் பன்றிகளுக்குக் கோதுமை வந்துகொண்டிருக்கிறது. இரு தரப்பும் மாடு மேய்ச்சல், தானியம் என்று கொடுக்கல் வாங்கலோடு இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். செகனென்ரே ஆட்சிக்கு வந்தபோது நிலைமை இதுதான். இருப்பதை வைத்து ஓட்டலாம், ஆனால் வடக்கு தெற்கு இரண்டு பக்கமும் கழுத்தைப் பிடித்தால் மூச்சு போய்விடும்.

நீர்யானைச் சத்தம்

செகனென்ரே கி.மு. 1560-1555 வாக்கில் ஆண்டார். ஆட்சி சில வருடங்கள்தான். தாய் தெதிஷேரி, மனைவி அஹ்ஹோதெப், இந்த இரு பெண்களும் பின்னால் முக்கியமாகிறார்கள். அவர் பெயரோடு 'வீரன்' என்ற அடைமொழியும் சேர்த்து எழுதப்பட்டது.

போர் எப்படித் தொடங்கியது என்பதற்கு ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள சாலியர் பாப்பிரஸில் இருக்கிறது. பாப்பிரஸ் என்பது நாணல் தண்டை வைத்துச் செய்த எழுதுதாள். கதை இப்படிப் போகிறது: அபேபி தீப்ஸுக்கு ஆள் அனுப்புகிறார். உங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ள குளத்தில் இருக்கும் நீர்யானைகளை அப்புறப்படுத்துங்கள், அவை போடும் சத்தத்தில் எனக்கு இரவும் பகலும் தூக்கமே வரவில்லை. 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு இந்தப் புகார். செகனென்ரே என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் திகைத்துப் போகிறார். தூதனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, அதிகாரிகளையும் படைவீரர்களையும் கூட்டிச் செய்தியைச் சொல்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து அபேபி இன்னொரு செய்தி அனுப்பினார் என்று தொடங்குகிற இடத்தில் பிரதி நின்றுவிடுகிறது.

இதை நடந்த சம்பவமாகவே பலர் சொல்கிறார்கள், அது கூடாது. இந்தப் பிரதி செகனென்ரேக்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து, மெர்னெப்தா என்ற பாரோவின் காலத்தில், பென்தவெரெத் என்ற எழுத்தர் எழுதியது. நம்மிடம் ராஜராஜ சோழனைப் பற்றி நாயக்கர் காலத்துக் கதை ஒன்று இருந்தால் அதை எப்படிப் படிப்போமோ அப்படித்தான் படிக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் இந்தச் சண்டையை எப்படி நினைவு வைத்திருந்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. சண்டை எப்படி மூண்டது என்பதற்கு இல்லை.

மண்ணில் கிடைத்த சான்று கொஞ்சம் உறுதியானது. தீப்ஸுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் தெய்ர் எல்-பல்லாஸ் என்ற இடம் இருக்கிறது. பாலைவன விளிம்பில் பெரிய செங்கல் அரண்மனை, அதற்குத் தெற்கே குன்றின் மேல் ஆற்றைப் பார்த்தபடி இன்னொரு பெரிய கட்டடம், சுற்றிலும் குடியிருப்புகள். ஒரே சில தலைமுறைதான் பயன்பட்டது, அப்புறம் கைவிடப்பட்டது. வடக்கே படை அனுப்ப அமைத்த முகாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே கெர்மா வகைப் பானைகளும் நிறையக் கிடைத்தன, அதாவது தீப்ஸ் படையோடு நூபியர்களும் இருந்தார்கள். கமோஸின் கல்வெட்டும் மெட்ஜாய் என்ற நூபிய வீரர்கள் தன் படையில் இருந்ததைச் சொல்கிறது. மண்ணின் மைந்தர் ஒரு பக்கம், அந்நியர் மறுபக்கம் என்று கோடு போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

உடல் என்ன சொல்கிறது?

செகனென்ரே எங்கே, எந்தப் போரில், எப்படி இறந்தார் என்று ஒரு கல்வெட்டும் இல்லை. இருப்பது அவர் உடல் மட்டும்.

அது கிடைத்த கதை தனி. ராமசேஸ் அரசர்கள் காலத்தின் கடைசியில் கல்லறைத் திருட்டு பெருகியபோது ஓர் ஆய்வுக் குழு அரச கல்லறைகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதியது. செகனென்ரேயின் கல்லறை அப்போது பத்திரமாக இருந்ததாக அதில் குறித்திருக்கிறார்கள். பின்னர் பூசாரிகள் பல அரசர்களின் மம்மிகளை எடுத்து, தெய்ர் எல்-பஹாரி மலைச்சரிவில் ஒரே மறைவிடத்தில் அடுக்கினார்கள். பதப்படுத்தித் துணி சுற்றிய உடல்தான் மம்மி. 1881-இல் அந்த மறைவிடம் அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. 1886-இல் காஸ்தோன் மாஸ்பெரோ செகனென்ரேயின் துணிகளைப் பிரித்தார். உள்ளே இருந்தது மற்ற அரசர்களின் அமைதியான முகம் மாதிரி இல்லை. நெற்றியில் பிளவு, கன்னத்தில் வெட்டு, வாய் விலகிப் பல் தெரிய, கைகள் முறுக்கிக்கொண்டு, எலும்புகள் ஒன்றோடொன்று சேராமல். கெய்ரோவின் அரச மம்மிகளிலேயே மிக மோசமான நிலையில் இருப்பது இதுதான்.

தூக்கத்தில் கொன்றார்கள், அரண்மனைச் சதி, போர்க்களத்தில் வெட்டினார்கள் என்று அதன் பிறகு ஆளுக்கொரு கருத்து. இதில் இரண்டு கட்டமாக விஷயம் தெளிவானது.

முதல் கட்டம் 1974. கோடரி வெட்டினால் எலும்பில் அதன் வாயின் அச்சு விழும். எகிப்தியப் போர்க்கோடரியின் வாய் அகலமாக, வளைவாக இருக்கும். கானானிய வகைக் கோடரி குறுகலாக, நீண்டு, ஆழமாக இறங்குகிற மாதிரி இருக்கும். பீட்டக்கும் யூஜென் ஸ்ட்ரோஹாலும் தெல் எல்-தபாவில் கிடைத்த கோடரிகளை மண்டையோட்டின் வெட்டுகளோடு ஒப்பிட்டார்கள். குறுகலான வாய்தான் பொருந்தியது. அரண்மனை ஆட்கள் செய்த கொலை என்ற ஊகம் அத்தோடு ரொம்பவே பலவீனமாகிவிட்டது.

இரண்டாம் கட்டம் சி.டி. ஸ்கேன். ஒரே எக்ஸ்ரே படத்தில் எல்லா எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். சி.டி. ஸ்கேனோ உடலை மெல்லிய சீவல் சீவலாகப் படமெடுத்து, கணினியில் மறுபடி அடுக்கி, எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க விடும். துணியையோ தோலையோ தொடவே வேண்டாம். கெய்ரோ பல்கலைக்கழகக் கதிரியக்கப் பேராசிரியர் சஹர் சலீமும் தொல்லியல் அறிஞர் ஜாஹி ஹவாஸும் இப்படிச் செய்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இடுப்பெலும்பு மூட்டை வைத்துப் பார்த்ததில் வயது சுமார் 40. நெற்றியில் குறுக்காக சுமார் 7 சென்டிமீட்டர் வெட்டு, மேலிருந்து கீழாக இறங்கியது. வெட்டியவர் உயரத்தில் நின்றிருக்கிறார், அல்லது அரசர் மண்டியிட்டிருக்கிறார். வலது கண்ணுக்கு மேல் இன்னொரு கோடரி வெட்டு. மூக்கும் வலது கண்குழியும் நொறுங்கியிருக்கின்றன. இடது கன்னத்தில் ஒரு வெட்டு. மண்டையோட்டின் அடிப்பகுதியில், இடது பக்கம், ஈட்டி போன்ற ஒன்று உள்ளே இறங்கியிருக்கிறது. எந்தக் காயத்திலும் எலும்பு ஆறத் தொடங்கிய அடையாளம் இல்லை. எல்லாம் சாவின்போதே விழுந்தவை. காயங்களின் கோணமும் வடிவமும் வெவ்வேறாக இருப்பதால் அடித்தவர் ஒருவர் இல்லை, பல திசைகளிலிருந்து பலர்.

இப்போது முக்கியமான இடம். யாராவது முகத்துக்கு நேரே கோடரி ஓங்கினால் நாம் என்ன செய்வோம்? யோசிக்காமலே கை மேலே போகும். அதனால்தான் வெட்டுப்பட்டு இறந்தவர்களின் முன்கை எலும்புகளில் காயம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். செகனென்ரேயின் கைகளில் ஒரு கீறல்கூட இல்லை. அதோடு மணிக்கட்டுகள் மடங்கி, விரல்கள் சுருண்டு, அப்படியே விறைத்திருக்கின்றன. கைகள் கட்டப்பட்ட நிலையில் கொல்லப்பட்டார் என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம் என்று சலீமும் ஹவாஸும் சொல்கிறார்கள். போர்க்களத்தில் பிடிபட்டு, கட்டப்பட்டு, சுற்றி நின்றவர்களால் கொல்லப்பட்டிருக்கிறார். தூங்கும்போது கொல்லப்பட்டார் என்ற பழைய கருத்தைவிட இது எல்லா வகையிலும் நன்றாகப் பொருந்துகிறது என்பதே என் எண்ணமும்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் உடைந்தது. உடல் இப்படிச் சிதைந்திருப்பதால் போர்க்களத்திலேயே அவசர அவசரமாகப் பதப்படுத்தினார்கள் என்று எழுதி வந்தார்கள். ஸ்கேனில் பார்த்தால் தோலுக்கு அடியில் ஒரு பசை போன்ற பொருளை வைத்துக் காயங்களை நிரப்பி மறைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் அது அதுவரை தெரியவில்லை. மூளை காய்ந்து இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதை வைத்து, இறந்த பிறகு உடல் கொஞ்ச நேரம் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்திருக்கிறது என்றும் தெரிகிறது. அதாவது உடலை மீட்டு எடுத்து வரத் தாமதமாகியிருக்கிறது, ஆனால் வந்து சேர்ந்த பிறகு கைதேர்ந்தவர்கள் பொறுமையாக உட்கார்ந்து அந்த முகத்தைச் சரிசெய்ய முயன்றிருக்கிறார்கள்.

சுருக்கமாக இந்தப் பகுதி: கோடரி வடிவம் எதிரி யார் என்று காட்டுகிறது, காயங்களின் கோணம் எத்தனை பேர் என்று காட்டுகிறது, காயமில்லாத கைகள் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று காட்டுகிறது.

அவர் விட்ட இடத்திலிருந்து

அரசர் பிடிபட்டுக் கொல்லப்பட்டால் படை கலைந்து ஓடும், ஆளாளுக்குப் பட்டத்துக்கு அடித்துக்கொள்வார்கள், இதுதான் வழக்கம். தீப்ஸில் அப்படி நடக்கவில்லை. முதலில் கமோஸ் வந்தார். அவர் செகனென்ரேக்குத் தம்பியா மகனா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அவையோர் தடுத்தும் கேட்காமல் படகுகளில் வடக்கே போய், வழியில் ஊர்களைப் பிடித்து, அவாரிஸின் மதில் வரை போய்விட்டுத் திரும்பினார். அவாரிஸ் பெண்கள் அரண்மனை மேலிருந்து பொந்துக்குள் இருக்கும் பல்லிக் குஞ்சுகள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள் என்று கல்வெட்டில் எழுதிவைத்தார். ஆனால் நகரம் விழவில்லை, அவரும் சீக்கிரமே இறந்தார்.

அடுத்த வாரிசு செகனென்ரேயின் மகன் அஹ்மோஸ், அப்போது சிறுவன். இந்த இடைவெளியில் ஆட்சியைத் தாங்கிப் பிடித்தவர் தாய் அஹ்ஹோதெப். கார்னாக் கோவிலில் அஹ்மோஸ் வைத்த கல்வெட்டு தாயைப் பற்றி, படைவீரர்களைப் பார்த்துக்கொண்டவர், ஓடிப்போனவர்களைத் திரும்பக் கூட்டி வந்தவர், மேல் எகிப்தை அமைதிப்படுத்தியவர் என்று சொல்கிறது. கணவனையும் இழந்து, கமோஸும் போய், கையில் ஒரு சிறுவனோடு படையைக் கலையவிடாமல் வைத்திருந்த இந்தப் பெண்ணைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. வீர பாரோ கதைகளில் இவர் பெயர் வருவதே இல்லை, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

அஹ்மோஸ் வளர்ந்து, சுமார் கி.மு. 1530 வாக்கில் அவாரிஸைப் பிடித்தார். அதை நேரில் கண்ட ஒருவரின் வாக்குமூலம் நம்மிடம் இருக்கிறது. எல் காப் ஊரைச் சேர்ந்த படகுப்படை வீரர், எபானாவின் மகன் அஹ்மோஸ். அரசருக்கும் அதே பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். தன் கல்லறைச் சுவரில் வாழ்க்கைக் கதையை எழுதிவைத்த அவர், தன் தந்தை பாபா, செகனென்ரேயின் படைவீரர் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். தந்தை இடத்தில் தானும் 'காட்டெருது' என்ற கப்பலில் சேர்ந்தாராம். அரசர் தேரில் போக, இவர் பின்னால் நடந்து போனார். அவாரிஸ் விழுந்தது, பிறகு கானானின் ஷாருஹென் கோட்டையை மூன்று ஆண்டு முற்றுகையிட்டார்கள், அதுவும் விழுந்தது. செகனென்ரே தொடங்கியதை முடிக்க ஒரு தலைமுறை ஆயிற்று.

அப்படியானால் 'காட்டுமிராண்டிப் படையெடுப்பு' எங்கிருந்து வந்தது?

வென்றவர்களிடமிருந்துதான். இரண்டு மூன்று தலைமுறை கழித்து ஆண்ட அரசி ஹாட்செப்சுட், பெனி ஹசானுக்குப் பக்கத்திலேயே ஒரு குடைவரைக் கோவிலின் முகப்பில், அந்த ஆசியர்கள் ரா கடவுளை மதிக்காமல் ஆண்டார்கள், இடிந்து கிடந்ததை நான்தான் எடுத்துக் கட்டினேன் என்று பொறித்தார். பிறகு கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மனேத்தோ என்ற எகிப்தியப் பூசாரி கிரேக்க மொழியில் வரலாறு எழுதியபோது அது ஊர்களை எரித்து, கோவில்களை இடித்த படையெடுப்பாக வளர்ந்திருந்தது. அவர் நூல் தொலைந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் அதிலிருந்து எடுத்தாண்ட பகுதிதான் நமக்கு மிச்சம். ஜொசிஃபஸ் ஹிக்சோஸ்களைத் தன் முன்னோர்களோடு இணைத்துப் பேசினார், யோசேப்பு, மோசே கதைகளோடு இதைக் கலக்கும் பழக்கமும் அங்கிருந்து வளர்ந்தது.

ஆனால் ஹிக்சோஸ் காலத்தில் எழுதிய பொருள்களைப் பார்த்தால் படம் வேறு. அவர்கள் 'ராவின் மகன்' என்ற எகிப்திய அரசப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள், எகிப்திய எழுத்தில் எழுதினார்கள். பண்டைய எகிப்தியக் கணிதத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ரைண்ட் பாப்பிரஸிலிருந்து வருவது, பின்னங்கள், களஞ்சியக் கொள்ளளவு, பிரமிடின் சரிவு என்று வரிசையாகக் கணக்குகள். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முகப்பில் எழுத்தர் தெளிவாகக் குறித்திருக்கிறார்: அபேபி அரசரின் 33-ஆம் ஆண்டில், பழைய மூலத்தைப் பார்த்து இதைப் பிரதி எடுத்தேன் என்று. அதே பாப்பிரஸின் பின்பக்கத்தில் வேறு ஒருவர் கிறுக்கியது போலச் சில வரிகள். 11-ஆம் ஆண்டில் ஹெலியோபோலிஸ் நகருக்குள் புகுந்தார்கள், தெற்கத்தி இளவரசன் எல்லைக் கோட்டையான ஜாருவுக்குள் நுழைந்துவிட்டான் என்று தேதியோடு குறித்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தெற்கத்தி இளவரசன் செகனென்ரேயின் மகன் அஹ்மோஸ்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.